வெள்ளைத் தொப்பிக்காரர் வந்த பஸ்

அந்தப் படத்தை அதன் சொந்தக் குரலோடு நான் பார்த்தது போன மாதம்தான். கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கிறது. யாருக்கும் உரிமை இல்லாத படமாம், எவர் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாமாம். அமெரிக்காவில் சினிமா பேசத் தொடங்கிய புதிதில், கையில் காசில்லாத யாரோ அவசர அவசரமாக எடுத்த ஒரு திருட்டுக் கதை. பெயரைச் சொன்னாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. மழை பெய்வதுபோல் ஓர் இரைச்சல் முதலிலிருந்து கடைசிவரை பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பாட்டு கிடையாது, இசையும் கிடையாது. மைக்கை எங்கேயோ பூச்சாடிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது, எல்லாரும் ஒரே இடத்தில் நின்று அந்தப் பக்கமாகவே பேசுகிறார்கள். துப்பாக்கி சுட்டால் பலகை விழுந்த மாதிரி சத்தம் வருகிறது. மாமாவுக்கு லிங்கை அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று நீலக் குறி வந்தது, பதில் வரவில்லை. அனுப்பியிருக்கக் கூடாது என்று பிறகு தோன்றியது.

எங்கள் ஆரணியில் அந்தப் படம் ஒரே ஒரு நாள் ஓடியது. தியேட்டரில் இல்லை, கேபிள் டிவியில். சிடிக்கள் புழங்கிய காலம் அது. உள்ளூர்க் கேபிள்காரர் தனக்கென்று ஒரு சேனல் வைத்திருந்தார். காலையில் சாமி பாட்டு, மத்தியானம் ஒரு படம், நடுநடுவே கல்யாண வாழ்த்து, நகைக்கடை விளம்பரம், காணாமல் போன எருமையைப் பற்றிய அறிவிப்பு. இவற்றையெல்லாம் மைக்கில் படித்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. ப்ளஸ் டூவில் இங்கிலீஷ் பேப்பர் காலை வாரிவிட்டதால் வீட்டோடு இருந்தவரை, குரல் நன்றாக இருக்கிறதென்று கேபிள்காரர் கூட்டிக்கொண்டு போனார். ஊரில் பாதிப் பேருக்கு மாமாவின் முகம் தெரியாது, குரல் தெரியும். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிக்கொண்டு நான் செய்த அலட்டல் கொஞ்சநஞ்சமல்ல.

எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு தறிகள். ஒன்றில் அப்பா நெய்வார், இன்னொன்றில் சித்தி. சித்தி அம்மாவின் தங்கை, மாமாவுக்கு அக்கா. டிவி சுவர் அலமாரியில் இருந்தது. ஆனால் தறியில் உட்கார்ந்தவர்கள் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை. கண்ணை எடுத்தால் பட்டு இழை அறுந்தது தெரியாமல் போய், சேலையில் பழுது விழுந்துவிடும். தறிக்காரர் வீடுகளில் படம் என்பது காதால் பார்ப்பதுதான். வசனமும் பாட்டும் சண்டைச் சத்தமும் கேட்டால் போதும், கதையைப் பிடித்துவிடுவார்கள். பிடிபடாத இடத்தில் மட்டும் "இன்னாடி ஆச்சு?" என்று என்னைக் கேட்பார்கள். நான் பார்த்துச் சொல்வேன்.

சித்தி ஏன் எங்கள் வீட்டில் இருக்கிறாள் என்பதற்கு எனக்குச் சொல்லப்பட்ட காரணம், சித்தப்பா சூரத்தில் மில் வேலைக்குப் போயிருக்கிறார் என்பது. உண்மையில் அவர் ஜெயிலில் இருந்தார். பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் அவருக்கு நெசவு வேலை கொடுத்துக்கொண்டிருந்த முதலாளியின் வீட்டில் ஜரிகைக் கட்டுகள் காணாமல் போயின. அந்த அறைக்குள் கடைசியாகப் போய்வந்தவர் என்று சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எடுத்தது யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அவர் எடுக்கவில்லை என்பதில் மட்டும் சித்திக்குக் கடுகளவும் சந்தேகம் இருந்ததில்லை. பேச்சு வந்தால் அப்பா தறியைக் கொஞ்சம் பலமாக அடிப்பார்.

ஜெயிலில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பயப்படும்படி ஒன்றுமில்லை என்று வக்கீல் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை ஜாமீன் கிடைத்துவிடும், வந்து அழைத்துக்கொண்டு போங்கள் என்றும் சொல்லியிருந்தார். அதற்கு முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை. சித்தி காலையிலேயே தலைக்குக் குளித்து, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தறியில் உட்கார்ந்துவிட்டாள். சித்தப்பாவின் வேட்டியும் சட்டையும் இஸ்திரி போட்டு ஒரு பையில் வைத்துக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்தாள். "நாளைக்கு சித்தப்பா வந்துடுவாரு" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். சூரத் எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"ரொம்ப தூரம் கண்ணு. ஆனா வந்துடுவாரு."

அன்றைக்குத்தான் அந்தப் படம். அனுமதியில்லாமல் புதுப்படம் போட்ட கேபிள்காரர் ஒருவரை எங்கேயோ போலீஸ் பிடித்துவிட்டதாக ஊரில் பேச்சு. எங்கள் கேபிள்காரர் நடுங்கிப்போனார். கையிலிருந்த புதுப்பட சிடிக்களை மூட்டை கட்டி மாமியார் வீட்டுக்கு அனுப்பினார். சொந்தக்காரர் இல்லாத படமாக ஒன்று கொடு என்று எங்கேயோ கேட்டு வாங்கிவந்து மாமாவின் கையில் கொடுத்துவிட்டு, சாப்பிட்டுத் தூங்கப் போய்விட்டார். போலீசுக்குப் பயந்து அவர் வாங்கிவந்த படத்தில் முதல் காட்சியிலேயே போலீஸ் வந்தது.

படம் தொடங்கியதும் தெருவே குழம்பியது. இரைச்சலும் இங்கிலீஷும்தான் கேட்டன. இதைக் காதால் எப்படிப் பார்ப்பது? கேபிள் ஆபீசுக்குப் போன் மேல் போன். இன்னாபா இது, வறுத்த அரிசியைக் கொட்டற மாதிரி ஒரே கரகரப்பு, வேற போடு என்று கத்தியிருக்கிறார்கள். போட வேறு படம் இல்லை. மாமா கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, படத்தின் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு மைக்கை எடுத்தார்.

"தறியில ஒக்காந்துகினு இருக்கற எல்லாருக்கும் வணக்கங்க. படம் ரொம்பப் பழசு. பேசறது நமக்குப் புரியாது. நான் பாத்துப் பாத்துச் சொல்றேன், நீங்க பாட்டுக்கு நெய்ங்க."

மாமாவுக்கு மட்டும் புரிந்ததா என்றால் அதுவும் இல்லை. அவர் பாட்டுக்குக் கதை கட்டிவிட்டார். படத்தில் ஆண்கள் எல்லாரும் தொப்பி போட்டிருந்தார்கள், ஒருவரிலிருந்து ஒருவரைப் பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆகையால் கதாநாயகனுக்கு வெள்ளைத் தொப்பி என்று பெயர் வைத்தார், வில்லனுக்குக் கறுப்புத் தொப்பி. குண்டாக, மூக்குக் கண்ணாடியோடு வந்தவர் வக்கீல். வெள்ளைத் தொப்பி ஒரு கிடங்கில் வேலை செய்கிறவர், தங்கமானவர், வீட்டில் ஒரு பெண் அவருக்காகக் காத்திருக்கிறாள். கிடங்கில் சரக்கு திருடு போகிறது. எடுத்தவன் கறுப்புத் தொப்பி, பழி வெள்ளைத் தொப்பியின் மேல். போன மாதம் பார்த்தபோது கவனித்தேன், அதுவரைக்கும் மாமா ஏறக்குறைய சரியாகவே சொல்லியிருக்கிறார்.

அடுத்து திரையில் கம்பிகள் வந்தன. கம்பிக்குப் பின்னால் கோடு போட்ட சட்டையில் வெள்ளைத் தொப்பி, தலையில் தொப்பி இல்லாமல், உட்கார்ந்திருந்தார். மாமாவின் பேச்சு தடுக்கியது. அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"வெள்ளைத் தொப்பி இப்போ ஒரு மில்லுல வேலைக்குச் சேந்துட்டாருங்க. பெரிய மில்லு. திருடன் வராம இருக்கறதுக்குக் கம்பி வெச்சிருக்காங்க. அல்லாருக்கும் கோடு போட்ட சட்டை, கம்பெனியிலயே குடுத்துடறாங்க."

டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த வீடுகளிலிருந்து சிரிப்பு எழுந்தது. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்த அப்பாவுக்கும் என்ன காட்சி என்று புரிந்துவிட்டது, குனிந்தபடியே சிரித்தார். சித்தியும் சிரித்தாள். எனக்கு மட்டும்தான் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. மில் என்றால் எனக்கு ஒரு மில்தான் தெரியும்.

"சித்தப்பாவுக்கும் அந்த மாதிரி கோடு போட்ட சட்டையா சித்தி?"

சித்தி இழை ஏதோ அறுந்ததுபோல் குனிந்து தேடினாள். பிறகு, "ஆமா கண்ணு, அதே மாதிரிதான்" என்றாள்.

கேபிள் ஆபீசுக்கு அந்தப் போன் வந்தது இதற்குச் சற்றுப் பின்னால். எங்கள் வீட்டில் போன் இல்லாததால் வக்கீலிடம் மாமா ஆபீஸ் நம்பரைத்தான் கொடுத்திருந்தார். அன்று வந்த போன் எல்லாம் படத்தைப் பற்றியதாகவே இருக்கவும், இதையும் மாமா சிரித்துக்கொண்டேதான் எடுத்தாராம். பேசியவர் வக்கீலின் குமாஸ்தா. சித்தப்பா அன்று காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோய்விட்டார் என்று சொன்னார்.

எனக்கு இதைச் சொன்னவர் கேபிள்காரரின் மனைவி. பல வருஷம் கழித்து, என் கல்யாண வாழ்த்தைச் சேனலில் போடச் சொல்லி நான் போனபோது சொன்னார். அன்றைக்கு மாமாவுக்கு டீ கொண்டுவந்து பக்கத்தில் நின்றிருந்தவர் அவர்தான். மாமா ரிசீவரை வைத்துவிட்டு, டீயை வாங்கி, முழுவதையும் குடித்தாராம். யாருப்பா போனில் என்று இவர் கேட்டதற்கு, "படம் நல்லாகீதாம்க்கா" என்றாராம். எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அவர் மறுபடியும் மைக்கைக் கையில் எடுத்தார்.

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் படம் கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் ஓடியது என்பதுதான். "இன்னாடி, உன் மாமன் தூங்கிட்டானா?" என்று சித்தி கேட்டாள். திரையில் பீப்பாய்கள் அடுக்கிய கிடங்கு, அவற்றுக்குப் பின்னால் தொப்பிகள் ஒளிந்துகொண்டு ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்தன. அதைச் சொல்லலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் மாமாவின் குரல் வந்துவிட்டது. விளம்பரம் படிக்கும் குரல் இல்லை. வீட்டில் என்னைத் தூங்கவைக்கும்போது பேசுகிற குரல்.

"வெள்ளைத் தொப்பி வூட்டுக்குக் கெளம்பிட்டாருங்க."

அதற்கப்புறம் அவர் திரையைப் பார்த்ததாகவே தெரியவில்லை. அங்கே துப்பாக்கி வெடித்தது, கார் கவிழ்ந்தது, கறுப்புத் தொப்பி மாடிப்படியில் உருண்டான். மாமா வெள்ளைத் தொப்பியை ரயிலில் ஏற்றி ஜன்னலோரம் உட்காரவைத்தார். பக்கத்து சீட்டுக்காரர் தந்த ஆரஞ்சுப் பழத்தை அவர் தின்னாமல் வீட்டுக்கென்று பையில் போட்டுக்கொண்டார். ராத்திரியும் பகலுமாக ரயில் வந்துகொண்டே இருந்தது. அமெரிக்காவில் புறப்பட்ட ரயில் காட்பாடியில் வந்து நின்றது.

தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. காட்பாடி என்று கேட்டதும் பக்கத்து வீட்டு அக்கா எங்கள் வாசலுக்கே வந்துவிட்டாள். திங்கட்கிழமை சமாச்சாரம் அவளுக்குத் தெரியும். "உன் தம்பி வெள்ளக்காரனக் கூட்டிகினு வரல, உன் வூட்டுக்காரரத்தான் கூட்டிகினு வரான்!" என்று சித்தியைப் பார்த்து உரக்கச் சொன்னாள். சித்தி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. காது மடலெல்லாம் சிவந்துவிட்டது. "சும்மா இரு அக்கா, அவனுக்கு வேற வேல இல்ல" என்றாள். ஆனால் அவள் தறியின் வேகம் கூடியிருந்தது. சித்தி அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பின்னாலும் பார்க்கவில்லை.

எனக்கோ எல்லாம் விளங்கிவிட்டது. மில், கோடு போட்ட சட்டை, தூரத்து ரயில், நாளை வருகிற சித்தப்பா. காணாமல் போன எருமையைப் பற்றி மைக்கில் சொல்கிறவர், வருகிற சித்தப்பாவைப் பற்றிச் சொல்லமாட்டாரா? மாமா சொல்வது கதையே இல்லை, சேதி என்று முடிவு செய்துவிட்டேன். நாளைக்கு வரவேண்டியவர் சீக்கிரமாகவே கிளம்பிவிட்டார், எங்கே வந்துகொண்டிருக்கிறார் என்று மாமா ஊருக்கே அறிவிக்கிறார். இவ்வளவு தெளிவான விஷயத்தை மற்றவர்கள் ஏன் தமாஷாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

காட்பாடியில் இறங்கியவர் வேலூருக்கு வந்தார். ஆரணி பஸ் கூட்டமாக இருந்ததால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்கு நின்றார். டீ குடித்தார். மல்லிகைப் பூ வாங்கினார், வாடிவிடுமோ என்று வாழை இலையில் கட்டித்தரச் சொன்னார். அடுத்த பஸ்ஸும் கூட்டம், அதையும் விட்டார். இவ்வளவு மெதுவாக யாரும் ஊருக்கு வந்ததில்லை. "ஜல்தியா வரச் சொல்லுடா!" என்று அப்பாகூட டிவியைப் பார்த்துச் சத்தம் போட்டார். இதற்குள் திரையில் இங்கிலீஷில் முற்றும் என்று எழுத்து வந்து, இருட்டிவிட்டது. போச்சு என்று நினைத்தேன். ஆனால் மாமா அதே சிடியை முதலிலிருந்து திரும்பப் போட்டார். பழைய தொப்பிகள் எல்லாம் உயிரோடு எழுந்துவந்து மறுபடியும் பேசத் தொடங்க, மாமா விட்ட இடத்திலிருந்தே சொன்னார். வெள்ளைத் தொப்பிக்கு உட்கார இடம் கிடைத்துவிட்டது. பஸ் கிளம்பிவிட்டது.

படத்தின் நிஜமான முடிவு எனக்கு இப்போது தெரியும். வெள்ளைத் தொப்பி வீட்டு வாசலில் சுடப்பட்டுச் செத்துப்போகிறார். அந்தப் பெண் கதவைத் திறக்கும்போது பின்னால் அந்த மழை இரைச்சல் மட்டும் கேட்கிறது. அப்படி ஒரு முடிவு திரையில் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் மாமா வேலூர் பஸ் ஸ்டாண்டில் பூ வாங்கிக்கொண்டிருந்தார்.

பஸ் கண்ணமங்கலத்தில் நின்றது. வெள்ளைத் தொப்பி கீழே இறங்கிக் கைகாலை நீட்டிக்கொண்டார். இன்னும் கொஞ்ச தூரம்தான், ஆரணி வந்துவிடும். அந்த இடத்தில் மாமாவின் குரல் அறுந்துபோய், திடீரென்று சாமி பாட்டு முழங்கியது. தூக்கம் கலைந்து வந்த கேபிள்காரர் ஒரே படம் இரண்டாம் தடவை ஓடுவதைப் பார்த்து, மாமாவை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு வேறு சிடியைப் போட்டிருக்கிறார். தெருவில் எல்லாரும் ஒரே குரலாகச் சலித்துக்கொண்டார்கள்.

அன்று மாமா செய்தது சரியா என்று எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. அவன் அப்பவே ஓடிவந்து சொல்லியிருக்கணும், அவளை அத்தனை நேரம் சிரிக்கவிட்டது பாவம் என்பது அம்மாவின் கட்சி. எனக்கு அம்மாவோடு ஒத்துப்போக முடிந்ததில்லை. இத்தனை வருஷத்தில் சித்தி அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினாள். என்னோடு வேலூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். கண்ணமங்கலத்தில் பஸ் நின்றதும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு, "இது வரைக்கும் வந்துட்டாரு இல்ல" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாமா வீட்டுக்கு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, கூடத்து நிலைப்படியில் வந்து நின்றார். அம்மா அடுப்படியில் இருந்தாள். அப்பா முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போயிருந்தார். சித்தி நெய்துகொண்டிருந்தாள். செருப்புச் சத்தத்திலேயே வந்தது தம்பி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பார்வையை இழையிலிருந்து எடுக்காமல் சிரித்தாள்.

"ஏண்டா, மனுசன கண்ணமங்கலத்துலயே எறக்கி வுட்டுட்டு வந்துட்டியா? வூடு வந்து சேந்தாரா இல்லியா, அதச் சொல்லு முதல்ல."

மாமாவின் வாய் திறந்தது. ஊர் முழுக்கக் கேட்ட அந்தக் குரல் வரவில்லை. நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அக்காவின் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகம் எப்படியோ இருந்தது. அவள்தான் நிமிரவே இல்லையே. மாமா வேண்டுமென்றே சித்தியைத் தவிக்கவிடுகிறார், ஆளை வெளியே ஒளித்துவைத்துவிட்டு விளையாட்டுக் காட்டுகிறார் என்று நான் நினைத்தேன். எனக்குப் பொறுக்கவில்லை.

"வந்துட்டாரு சித்தி! சித்தப்பா வந்துட்டாரு! மாமா வெளிய நிக்க வெச்சிருக்காரு!"

கத்திக்கொண்டே மாமாவின் இடுப்புக்கும் நிலைக்கும் நடுவே நுழைந்து தெருவுக்கு ஓடினேன். சைக்கிள் பக்கத்தில் யாரும் இல்லை. கோடு போட்ட சட்டை எங்காவது தெரிகிறதா என்று தெருவின் இரண்டு முனையையும் பார்த்தேன். உள்ளே சித்தியின் தறி நின்றது. அவரை வாசலில் வந்து அழைக்கத்தான் எழுந்திருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டு, அவள் வருவதற்குள் அவரைக் கண்டுபிடித்துவிட வேண்டுமென்று பஸ் ஸ்டாண்டு பக்கமாக ஓடத் தொடங்கினேன்.